மஞ்சள் கறுப்பில் ஒரு சாட்சி

1986, 87 வாக்கில் ஸ்ட்ரைப்பர் இசைக்குழுவின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிய அமெரிக்கப் பையனால், பல ஊர்களில் ஒரு மறியலைக் கடந்துதான் அரங்கத்துக்குள் போக முடிந்தது. வாசலில் பதாகை பிடித்து நின்றவர்கள் சபைக்குப் போகிறவர்கள், விசுவாசிகள். உள்ளே மேடையேறப் போகிறவர்களும் விசுவாசிகள்தான். தோளில் புரளும் முடி, கண்ணுக்கு மை, உடம்போடு ஒட்டிய மஞ்சள் கறுப்புப் பட்டை உடை, காதைப் பிளக்கும் கிட்டார். இந்தக் கோலத்தில் நின்று கடவுளின் பெயரைச் சொல்வது நிந்தனை என்று வாசலில் நின்றவர்கள் மனதார நம்பினார்கள். உள்ளே போனால் வேறு எதிர்ப்பு. ஹெவி மெட்டல் ரசிகர்களில் ஒரு சாராருக்கு, சாத்தானை அழைத்துப் பழகிய மேடையில் இயேசுவின் பெயர் ஒலிப்பது பொறுக்கவில்லை. கச்சேரியின்போது மேடையிலிருந்து கூட்டத்தை நோக்கிப் புதிய ஏற்பாட்டுப் பிரதிகள் பறந்து வரும். ஆசையாகப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. திருப்பி எறிந்தவர்களும் உண்டு.

அந்தக் குழுவுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. முதல் இசைத்தட்டு 1984இல் வந்தது. 2024இல் ‘வென் வீ வேர் கிங்ஸ்’ வந்தது. இடையில் புகழ், வீழ்ச்சி, பிரிவு, மரணம், நோய் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. மைக்கேல் ஸ்வீட் இன்றும் பாடுகிறார், அவருடைய அண்ணன் ராபர்ட் இன்றும் டிரம்ஸ் வாசிக்கிறார்.

கிறிஸ்தவ ராக் என்றாலே பிரசங்கத்துக்கு டிரம்ஸ் சேர்த்தது என்று ஒதுக்கிவிடுகிற இசை ரசிகர்கள் நிறையப் பேர். சில குழுக்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஸ்ட்ரைப்பரை அப்படி ஒதுக்க முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இவர்கள் தந்த ஆறுதல் பாட்டின் சொற்களில் இருப்பதைவிட ஒலியின் கட்டமைப்பில் அதிகம் இருக்கிறது. இளம் வயதில் பாடிக் காட்டிய அந்த ஆறுதல், தங்களுக்கே தேவைப்பட்ட காலம் வந்தபோது அவர்களைக் கைவிடவும் இல்லை.

சபையிலிருந்து புறப்பட்ட ஒலி

ராக் இசை பிசாசின் இசை என்ற பழி அந்த இசை பிறந்த நாளிலிருந்தே கூட வருகிறது. அந்த இசையின் வேர் எங்கே இருந்தது என்று தேடினால் சபைக்குள்தான் போய் நிற்போம்.

ஆர்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளாண்ட் என்ற சிற்றூரில் 1915இல் பிறந்தவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். கறுப்பின மக்களின் பெந்தெகொஸ்தே சபையில் சிறுமியாகப் பாட ஆரம்பித்தவர். எலக்ட்ரிக் கிட்டாரை ஆண்களே தயங்கித் தொட்ட காலத்தில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆராதனைப் பாடல்களுக்கு நடனக் கூடத்தின் வேகத்தைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் பாடினார், நியூயார்க்கின் காட்டன் கிளப்பிலும் பாடினார். சபையார் கோபித்துக்கொண்டார்கள். அவர் இரண்டையும் விடவில்லை. பதின்வயதில் இருந்த லிட்டில் ரிச்சர்டை மேடைக்கு அழைத்துப் பாடவைத்தவர் அவர். ஜானி கேஷ் தன் மனத்துக்கு மிகப் பிடித்த பாடகியாகச் சொன்னதும் அவரைத்தான். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல். அவர் இறந்து 45 ஆண்டுகள் கழித்து.

லூசியானா மாநிலத்தின் ஃபெரிடே ஊரிலும் இதே கதைதான். 1935இல் பிறந்த இரண்டு உறவுக்காரப் பையன்கள் ஒரே ஊரில் ஒரே சபையின் பியானோ இசையைக் கேட்டு வளர்ந்தார்கள். ஒருவர் ஜெர்ரி லீ லூயிஸ், ராக் அண்ட் ரோலின் முதல் தலைமுறை நாயகர். மற்றவர் ஜிம்மி ஸ்வாகர்ட், அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிகப் பெரிய பிரசங்கியார்களில் ஒருவர். இருவருடைய இடது கை பியானோவில் உருளும் விதத்தைக் கேட்டால் உறவு தெரிந்துவிடும். ஸ்வாகர்ட்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1960களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் கடற்கரைகளில் திரிந்த ஹிப்பிகளில் பலர் இயேசுவிடம் திரும்பினார்கள். ‘ஜீசஸ் மூவ்மென்ட்’ என்று அதற்குப் பெயர். ஆரஞ்சு கவுண்டியில் கோஸ்டா மேசா என்ற ஊரின் கால்வரி சேப்பல், செருப்பில்லாமல் நீள முடியோடு வந்த அந்தப் பிள்ளைகளை உள்ளே விட்டது. அவர்களோடு அவர்களுடைய கிட்டாரும் உள்ளே வந்தது. 1969இல் லாரி நார்மன் ‘அப்பான் திஸ் ராக்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். கிறிஸ்தவ ராக் அங்கே தொடங்குகிறது என்று பலர் சொல்வார்கள். சிகாகோவில் ரிசரெக்‌ஷன் பேண்ட் இன்னும் ஒரு படி போனது. அந்தக் குழுவினர் ‘ஜீசஸ் பீப்பிள்’ என்ற கூட்டு வாழ்க்கைச் சமூகத்தில், நகரத்தின் ஏழைகளுக்கு நடுவில் வாழ்ந்தவர்கள். 1978இல் வந்த ‘அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை’ ஆல்பத்தின் முரட்டு ஒலியைக் கண்டு சில கிறிஸ்தவப் புத்தகக் கடைகளே பயந்தன.

ஆகவே ஸ்ட்ரைப்பர் வானத்திலிருந்து குதித்த அதிசயம் அல்ல. அவர்களுக்கு முன்னால் வழி இருந்தது. ஆனால் முன்னால் போனவர்கள் எவரும் மெட்டல் உலகத்தின் நடுக்கூடத்துக்கே போய் நின்றதில்லை.

ராக்ஸ் ரெஜீம்

ஸ்வீட் குடும்பம் தெற்கு கலிஃபோர்னியாவில் இசையோடு வாழ்ந்த குடும்பம். 1970களின் நடுவில், மைக்கேலுக்கு 12 வயது இருக்கும்போது, தொலைக்காட்சியில் ஜிம்மி ஸ்வாகர்ட்டின் பிரசங்கத்தைக் கேட்டு அந்தக் குடும்பம் விசுவாசத்துக்கு வந்தது. சில ஆண்டுகளில் பையன்கள் வளர்ந்தார்கள், சபையை மறந்தார்கள், லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் கிளப்புகளில் ராக்ஸ் ரெஜீம் என்ற பெயரில் வாசித்தார்கள். இன்னொரு கிட்டார் கலைஞர் ஆஸ் ஃபாக்ஸ் வந்து சேர்ந்தார். பின்னால் பாய்சன் குழுவில் பெயர் வாங்கிய சி.சி. டெவில்லும் சில காலம் இவர்களோடு இருந்து போனார். 1983இல், அவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு நண்பர் வந்து, இந்தத் திறமையைக் கடவுளுக்குக் கொடுங்கள் என்று நேராகவே சொன்னார். சொன்னது பிடித்துக்கொண்டது. பேஸ் கிட்டாருக்கு டிம் கெய்ன்ஸ் வந்தார். பெயர் ஸ்ட்ரைப்பர் ஆனது. சின்னத்தின் கீழே ஏசாயா 53:5 என்ற வசன எண்ணை அச்சிட்டார்கள்; ஒருவர் வாங்கிய அடியின் தழும்புகள் மற்றவர்களுக்குச் சுகம் தருவதைப் பற்றிய வசனம் அது.

அந்த ஊரில் அந்தக் காலத்தில் இது எப்படிப்பட்ட முடிவு என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். மாட்லி க்ரூ குழுவினர் ‘ஷவுட் அட் த டெவில்’ ஆல்பத்தை வெளியிட்டு ஸ்ட்ரிப்பின் ராஜாக்களாக ஆன வருடம் அதே 1983. 1985 கோடையில் லாஸ் ஏஞ்சலஸை நடுங்கவைத்த தொடர் கொலைகாரன் பிடிபட்டபோது, அவன் கேட்ட ஏசி/டிசி குழுவின் பாட்டைப் பற்றியும் பத்திரிகைகள் எழுதின. அடுத்த மாதமே வாஷிங்டனில் செனட் குழு ராக் பாடல்களின் ஆபாசத்தையும் வன்முறையையும் விசாரிக்க உட்கார்ந்தது. பெற்றோர்கள் பிள்ளைகளின் அறையிலிருந்த இசைத்தட்டுகளைப் பயத்தோடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மெட்டல் சந்தையின் நடுவிலேதான் இந்த நான்கு பேரும் கடை விரித்தார்கள். வெளியீட்டாளரும் கிறிஸ்தவ நிறுவனம் அல்ல. எனிக்மா ரெகார்ட்ஸ் என்ற சாதாரண ராக் நிறுவனம்தான் 1984இல் ‘த யெல்லோ அண்ட் பிளாக் அட்டாக்’ என்ற சிறு இசைத்தட்டை வெளியிட்டது.

சபைகளுக்குள் மட்டும் பாடியிருந்தால் அவர்களுக்கு வாழ்க்கை சுலபமாக இருந்திருக்கும். ஏற்கெனவே நம்புகிறவர்கள் கைதட்டியிருப்பார்கள், மறியல் இருந்திருக்காது. சபைப் படியை மிதிக்கவே போகாத பையனைத் தேடிப் போனதால்தான் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள். இந்தத் துணிச்சலுக்காகவே நான் அவர்களை மதிக்கிறேன்.

காந்தாரம் இல்லாத இடம்

இனி இசைக்கு வருவோம். இந்தக் குழுவைப் பற்றிய பேச்சு எப்போதும் உடையிலும் பைபிளிலும் நின்றுபோய்விடுகிறது, அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஹெவி மெட்டலின் அடித்தளம் பவர் கார்ட் என்ற ஸ்வரக் கூட்டு. நம் ஸ்வரக் கணக்கில் சொன்னால் ச, ப, மேல் ச. அவ்வளவுதான். காந்தாரம் கிடையாது. மேற்கத்திய இசையில் ஒரு கார்ட் மலர்ச்சியாக ஒலிக்கிறதா, சோகமாக ஒலிக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது காந்தாரம்தான். அந்தர காந்தாரம் சேர்ந்தால் மேஜர், சாதாரண காந்தாரம் சேர்ந்தால் மைனர். ஆம்ப்ளிஃபையரை எல்லை மீறி முடுக்கி ஒலியைக் கரகரப்பாக்கும்போது காந்தாரத்தையும் சேர்த்து மீட்டினால் எல்லாம் கலங்கிக் குழம்பிவிடும். அதனால் மெட்டல் கலைஞர்கள் அதை எடுத்துவிட்டார்கள். மிஞ்சுவது வெறும் கனம். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள் மேல் அழுத்தி வைத்து மீட்டினால் அந்தக் கனம் இன்னும் இறுகும், நெஞ்சில் இடிக்கும்.

ஸ்ட்ரைப்பரின் ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள், இதில் யாருக்கும் குறைந்தவை அல்ல. 1985இல் மைக்கேல் வேகனர் தயாரித்த ‘சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்’ தலைப்புப் பாடலின் தொடக்கத்தைக் கேட்டால் தெரியும். கிறிஸ்தவப் புத்தகக் கடையில் விற்றதற்காக ஒலியை ஒரு இம்மிகூடத் தணிக்கவில்லை. வித்தியாசம் அதற்கு மேலே நடக்கிறது. மைக்கேல் ஸ்வீட்டின் குரல் மேல் ஸ்தாயியில் வெகு சுலபமாக நிற்கும் குரல். கிட்டார் விட்டுவிட்ட அந்தக் காந்தாரத்தை அந்தக் குரல் வந்து பாடுகிறது. பல்லவியில் மற்றவர்களின் குரல்கள் மூன்று நான்கு அடுக்காக அதன்மேல் சேர்கின்றன. கிட்டார் தனி வாசிப்பு வரும்போதும் அப்படித்தான்: மைக்கேலும் ஆஸ் ஃபாக்ஸும் ஒரே மெட்டை ஒருவர் சட்ஜத்திலிருந்தும் மற்றவர் காந்தாரத்திலிருந்தும் கைகோத்து வாசிப்பார்கள். தின் லிஸி, அயர்ன் மெய்டன் போன்ற குழுக்கள் வளர்த்த உத்தி அது. ஸ்ட்ரைப்பர் அதைக் குரல் அடுக்கோடு சேர்த்துத் தங்கள் முத்திரையாக்கிக்கொண்டார்கள்.

கேட்கிறவனுக்கு இதில் என்ன நடக்கிறது? கீழே கனம் அப்படியே இருக்கிறது. குரல் வந்துவிட்டது என்பதற்காக ரிஃப் மெதுவாகிவிடுவதில்லை, துயரம் முடிந்துவிட்டதாக யாரும் பாவனை செய்வதில்லை. அந்தக் கனத்தின் மேலேயே ஒரு மெட்டு எழுந்து நிற்கிறது. வீட்டில் அடி வாங்கிக்கொண்டு, பள்ளியில் ஒதுக்கப்பட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மெட்டல் கேட்கும் பதினாறு வயதுப் பையனிடம் “எல்லாம் சரியாகிவிடும்” என்று மென்மையாகப் பாடினால் அவன் நம்ப மாட்டான். அவனுடைய உலகத்தின் எடையை ஒப்புக்கொள்கிற ஒலியைத்தான் அவன் நம்புவான். அந்த ஒலிக்குள்ளிருந்தே வேறொரு வழி இருக்கிறது என்று கேட்டால், யோசிப்பான். தேவாலயங்களின் ஆறுதல் பாடல்கள் பலவற்றில் அந்த எடை இருப்பதில்லை; மெட்டல் பாடல்கள் பலவற்றில் எடை மட்டுமே இருக்கிறது.

பாடல் வரிகளைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 80களின் ஸ்ட்ரைப்பர் வரிகள் எளியவை, பல இடங்களில் கோஷம்போல நிற்பவை. கவிதையென்று அவற்றைத் தூக்கிப்பிடிக்க மாட்டேன். ‘ஆனஸ்ட்லி’ மட்டும் தனி. பியானோவில் மெல்லத் தொடங்கும் அந்தப் பாடலில் கடவுளின் பெயரே இல்லை. ஒரு நண்பன் நண்பனிடம் சொல்வதாகவும் கேட்கலாம், கடவுள் மனிதனிடம் சொல்வதாகவும் கேட்கலாம். பில்போர்டின் பாப் பட்டியலில் அது 23ஆம் இடம் வரை போனதற்கு அந்தத் திறந்த வாசல் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பத்து லட்சமும் ஒரு பிரசங்கியாரும்

‘ஆனஸ்ட்லி’ இடம்பெற்ற ஆல்பம் 1986 அக்டோபரில் வந்த ‘டு ஹெல் வித் த டெவில்’. அதன் முதல் அட்டையில் நான்கு தேவதூதர்கள் பிசாசை நெருப்புக்குள் தள்ளுகிறார்கள். பிசாசின் பக்கம் யாரும் இல்லை என்பது சிறு குழந்தைக்கும் தெரியும் படம். ஆனாலும் சர்ச்சை எழுந்து, அட்டையை மாற்றி வெறும் கறுப்பு அட்டையாக அச்சிட வேண்டிவந்தது. விற்பனை அதற்கெல்லாம் நிற்கவில்லை. முந்தைய ஆல்பம் 5 லட்சம் விற்றுத் தங்கம் பெற்றிருந்தது. இது 10 லட்சம் தாண்டிப் பிளாட்டினம் ஆனது. கிறிஸ்தவ மெட்டல் ஆல்பம் எதுவும் அதற்கு முன் அந்த எல்லையைத் தொட்டதில்லை. எம்டிவியில் நேயர்கள் போன் செய்து பாடல் கேட்கும் ‘டயல் எம்டிவி’ நிகழ்ச்சியில் ‘ஃப்ரீ’, ‘காலிங் ஆன் யூ’ இரண்டும் முதலிடத்தில் நின்றன.

அந்த உயரத்தில் இருந்தபோதுதான் மிகப் பெரிய அடி விழுந்தது. எந்தப் பிரசங்கியாரின் குரலைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் விசுவாசத்துக்கு வந்தார்களோ, அந்த ஜிம்மி ஸ்வாகர்ட் கிறிஸ்தவ ராக்குக்கு எதிராகத் தீவிரமாகப் பேசினார். 1987இல் ஒரு புத்தகமே வெளியிட்டு, ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று அந்த இசையை வர்ணித்தார். ஸ்ட்ரைப்பரும் அந்தக் கண்டனத்துக்குத் தப்பவில்லை. தகப்பன் ஸ்தானத்தில் வைத்திருந்தவர் உன்னை என் பிள்ளை இல்லை என்று ஊரறியச் சொல்வதற்கு ஒப்பானது அது. அவர்கள் சண்டைக்குப் போகாமல் பாடிக்கொண்டே போனார்கள்.

1988 பிப்ரவரியில் ஸ்வாகர்ட் பாலியல் தொழிலாளி ஒருவரோடு கொண்ட தொடர்பு அம்பலமாகி, தன் சபையின் முன்னால் கண்ணீர் வழிய நின்று பாவ அறிக்கை செய்தார். அமெரிக்கா முழுவதும் அந்த முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தது. இதைப் பழி தீர்ந்த கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெருமையின் உச்சியில் நின்று விழுவது அடுத்து ஸ்ட்ரைப்பருக்கே நேர இருந்தது.

வசன எண் மறைந்த வருடம்

1988இல் ‘இன் காட் வீ டிரஸ்ட்’ வந்தது. தங்கம் பெற்றது என்றாலும், என் காதுக்கு அது சர்க்கரை கூடிப்போன ஆல்பம். கனம் குறைந்து மெட்டு மட்டும் மேலே மிதந்தது. ரசிகர்களில் பலரும் அதைத்தான் சொன்னார்கள். 1990இல் ‘அகென்ஸ்ட் த லா’. மஞ்சள் கறுப்பைக் கழற்றிவிட்டுக் கறுப்புத் தோல் உடைக்கு மாறியிருந்தார்கள். சின்னத்தின் கீழே இருந்த ஏசாயா வசன எண்ணையும் காணவில்லை. இசை என்ற அளவில் அது திடமான ஆல்பம். அந்த ஒலியின் முறுக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் உள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பல ஆண்டுகளாக மதுவைக் கண்டித்துப் பேசியவர்கள் மதுவில் இறங்கியிருந்தார்கள். சபைப் பேச்சில் பின்மாற்றம் என்பார்களே, அதுதான். மைக்கேல் ஸ்வீட் 2014இல் எழுதிய சுயசரிதையில் இந்தக் காலத்தைப் பூசி மெழுகாமல் சொல்லியிருக்கிறார்.

1991இல் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வந்தது. நீள முடியும் மினுமினுப்பும் கொண்ட 80களின் மெட்டல் குழுக்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. 1992 தொடக்கத்தில் மைக்கேல் வெளியேறினார். மற்ற மூவரும் கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். மைக்கேல் தனி ஆல்பங்கள் செய்தார். ஆஸும் டிம்மும் சின் டிஸி என்ற குழுவைத் தொடங்கினார்கள்.

அவர்கள் இல்லாத காலத்தில் அவர்கள் திறந்த வழியில் வேறு பலர் நடந்தார்கள். சான் டியேகோவின் பி.ஓ.டி. குழுவின் ‘சாட்டலைட்’ ஆல்பம் கடைக்கு வந்த நாள் 2001 செப்டம்பர் 11. உயிரோடு இருப்பதைக் கொண்டாடும் ‘அலைவ்’ பாடல், நியூயார்க் கோபுரங்கள் விழுந்த அந்த வாரங்களில் அமெரிக்க வானொலிகளில் ஓயாமல் ஒலித்தது. அதே ஆல்பத்தின் ‘யூத் ஆஃப் த நேஷன்’, அந்த ஆண்டு மார்ச்சில் சான் டியேகோவுக்கு அருகிலுள்ள பள்ளி ஒன்றில் நடந்த துப்பாக்கிச்சூட்டின் நிழலில் எழுதப்பட்டது. மெம்ஃபிஸில் 1996இல் உருவான ஸ்கில்லெட் குழு, வயலினும் செலோவும் சேர்த்த கனமான ராக் இசையோடு 2009இல் ‘அவேக்’ வெளியிட்டுப் பிளாட்டினம் பெற்றது. இவர்கள் யாருடைய வாசலிலும் 1986இன் அளவுக்கு மறியல் நடக்கவில்லை. அந்த அடிகளை ஏற்கெனவே வேறு நால்வர் வாங்கி முடித்திருந்தார்கள்.

திரும்பி வந்தவர்கள்

2003இல் ஸ்ட்ரைப்பர் மறுபடி சேர்ந்தது. மஞ்சள் கறுப்பும் திரும்பியது. 2005இல் ‘ரீபார்ன்’ வந்தது. பழைய குழுக்கள் மறுபடி சேர்வது பெரும்பாலும் பழைய பாட்டைப் பாடிப் பணம் எடுக்கத்தான். இவர்கள் புதிய பாடல்களை எழுதினார்கள், ஒலியும் முன்பைவிடக் கனத்திருந்தது.

இதற்கிடையில் பாஸ்டன் குழுவின் பாடகர் பிராட் டெல்ப் 2007இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கான அஞ்சலிக் கச்சேரியில் பாடிய மைக்கேலை அந்தக் குழு தன்னோடு சேர்த்துக்கொண்டு, 2008இல் அமெரிக்கா முழுவதும் சுற்றியது. அதே காலத்தில் மைக்கேலின் வீட்டில் மனைவி கைல் சினைப்பையில் வந்த புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். 2009 மார்ச்சில் அவர் காலமானார். நான்கு மாதங்களில் ஸ்ட்ரைப்பரின் ‘மர்டர் பை பிரைட்’ வெளிவந்தது.

இருபது வயதில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் நின்று நம்பிக்கையைப் பற்றிப் பாடுவது பெரிய காரியம் அல்ல. உடம்பில் தெம்பு இருக்கிறது, கூட்டம் கூடவே பாடுகிறது. இளம் வயதிலிருந்து கூட வாழ்ந்த மனைவியைப் புதைத்துவிட்டு வந்து அதே பாடல்களைப் பாடுவது வேறு. 2009க்குப் பிந்தைய ஸ்ட்ரைப்பரை நான் அந்த நினைப்போடுதான் கேட்கிறேன். 2013 நவம்பரில் வந்த ‘நோ மோர் ஹெல் டு பே’ அவர்களுடைய இரண்டாம் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆல்பம் என்பது என் முடிவு. 1985இன் வேகம் அதில் இருக்கிறது, கூடவே வயதின் கனமும் இருக்கிறது. அதில் ‘ஜீசஸ் இஸ் ஜஸ்ட் ஆல்ரைட்’ என்ற பாடலை எடுத்துப் பாடியிருக்கிறார்கள். 60களில் ஆர்ட் ரெனால்ட்ஸ் என்ற காஸ்பல் கலைஞர் எழுதியது அது. த பேர்ட்ஸ், டூபி பிரதர்ஸ் என்று ராக் குழுக்களின் கைகளைச் சுற்றிவிட்டு மெட்டல் குழுவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ரோசெட்டா தார்ப் உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பயணத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

எதிர்ப்பு ஓயவில்லை. 2018இல் ‘காட் டாம் ஈவில்’ என்ற தலைப்பில் ஆல்பம் வந்தது. தீமையைத் தண்டியும் என்று கடவுளிடம் கேட்கும் ஜெபம்தான் அது என்று மைக்கேல் விளக்கினார். வால்மார்ட் கடைகள் அதை விற்க மறுத்துவிட்டன. அந்த ஆண்டே லாஸ் வேகாஸில் மேடையில் வாசித்துக்கொண்டிருந்த ஆஸ் ஃபாக்ஸ் வலிப்பு வந்து விழுந்தார். மூளையில் கட்டிகள் இருப்பது தெரியவந்தது. அந்த நோயோடு போராடியபடியே அவர் கிட்டாரோடு மேடைக்குத் திரும்பினார். 2020இல் ‘ஈவன் த டெவில் பிலீவ்ஸ்’, 2022இல் ‘த ஃபைனல் பேட்டில்’, 2024இல் ‘வென் வீ வேர் கிங்ஸ்’. மூன்றிலும் அவர் இருக்கிறார். அந்தப் பழைய இரட்டைக் கிட்டார், சட்ஜமும் காந்தாரமுமாக, மூன்றிலும் கேட்கிறது.

பேஸ் கிட்டாரில் டிம் கெய்ன்ஸ் இப்போது இல்லை. 2017இலிருந்து, ஃபயர்ஹவுஸ் குழுவில் இருந்த பெர்ரி ரிச்சர்ட்சன் வாசிக்கிறார். ராபர்ட் ஸ்வீட் தன் டிரம்ஸை இன்னமும் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுத்தான் உட்காருகிறார், வாசிக்கும் கைகள் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

இதுவரை மெட்டல் கேட்டிராதவர்கள் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், ‘ஆனஸ்ட்லி’யில் தொடங்க வேண்டாம் என்பேன். அது அழகான பாட்டு, ஆனால் இவர்கள் யார் என்பதை அது சொல்லாது. ‘சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்’ தலைப்புப் பாடலை நல்ல ஒலிபெருக்கியில், சத்தத்தைக் குறைக்காமல் கேளுங்கள். அடுத்து ‘காலிங் ஆன் யூ’. அப்புறம் இடையில் எதையும் கேட்காமல் நேராக ‘நோ மோர் ஹெல் டு பே’ தலைப்புப் பாடலுக்குப் போங்கள். இரண்டு காலத்துக்கும் நடுவே 28 ஆண்டுகள். அதே பாடகர், அதே இரண்டு கிட்டார்கள், அதே டிரம்ஸ்.